கேக்காமப் பேசுன பொட்டி

சிக்னல் வராதுங்க. தூக்கித் தூக்கிப் பாத்தாலும் வராது. இந்த மலைப்பாதையில பஸ்ஸு ஆழியாறு எறங்குற வரைக்கும் செல்லு சும்மா மணி பாக்கத்தான் ஆகும். ஊட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லோணுமாக்கும்? சொல்லிக்கலாம், சொல்லிக்கலாம். இப்பத்தான அட்டகட்டி வருது.

என்ற பேரு சென்னியப்பனுங்க. பொள்ளாச்சி. மில்லுல எலக்ட்ரிக்கல் சூப்பர்வைசரா இருந்து ரிட்டயர் ஆனவன். இன்னைக்குக் காலையில நானும் ஊட்டுக்காரியும் மேல வால்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட்டுக்குப் போனோம். அவ சாயந்தரம் வருவா. நான் முன்னாடி கெளம்பிட்டேன். ஏன்னு கேக்கறீங்களா? கேக்கலையா? சரி, கேக்காட்டியும் சொல்றேன். எனக்கு இன்னைக்குச் சும்மா உக்காந்துட்டு வர முடியாது போலிருக்குதுங்க.

ஹாம் ரேடியோன்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? கவர்மெண்டுல பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, ஊட்டுலயே வயர்லெஸ் செட்டு வச்சுப் பேசறது. வருமானத்துக்கில்ல, ஆசைக்குத்தான். தொண்ணூறுகள்ல பொள்ளாச்சி, உடுமலை, கோயமுத்தூர்னு நாங்க அஞ்சாறு பேரு இருந்தோம். தெனமும் காலையில ஏழு மணிக்கு ஒரே அலைவரிசையில வந்து வணக்கம் சொல்லிக்குவோம். மழை எப்படி, மின்சாரம் இருக்குதா, பையனுக்குக் காச்சல் விட்டுதா, அவ்வளவுதான் பேச்சு. அதுல ஒருத்தரு மலை மேலருந்து பேசுவாரு. தேவசகாயம்னு பேரு. தேயிலைத் தொழிற்சாலையில எலக்ட்ரீசியனா இருந்து ஓய்வு ஆனவரு. ஊடு மலை ஓரத்துல, கீழ பொள்ளாச்சி வரைக்கும் தெரியுமாம். அதனால சின்ன செட்டுலயே எங்களுக்குக் கேக்கும். அவரே கையால செஞ்ச செட்டு அது. அதுல ஒரே ஒரு கிறிஸ்டல். கிறிஸ்டல்னா, எந்த அலைவரிசையில பேசோணுமோ அதை இறுக்கிப் புடிச்சு வச்சிருக்கற ஒரு சில்லு. ஒரு சில்லு இருந்தா ஒரு எடத்துலதான் பேச முடியும். எங்க செட்டெல்லாம் சப்பான் செட்டு, திருகுனா எங்க வேணா போகும். அவருது போகாது.

தொண்ணூத்தி மூணு கடைசியில மில் ஆபீஸ்ல பழைய கம்ப்யூட்டரை ஒதுக்குனாங்க. பச்சை எழுத்து வர்ற பொட்டி, ரெண்டு பிளாப்பி. மேனேஜரைக் கேட்டு அதை ஊட்டுக்குக் கொண்டாந்துட்டேன். அப்பத்தான் பேக்கெட் ரேடியோன்னு ஒண்ணு எங்காளுக மத்தியில பரவிக்கிட்டிருந்துச்சு. நீங்க கம்ப்யூட்டர்ல ஒரு சேதி அடிச்சா, அதைக் கொஞ்சம் கொஞ்சமாப் பொட்டலம் கட்டி, சத்தமா மாத்தி, ரேடியோ வழியா அனுப்பும். அந்தப் பக்கம் இருக்கற கம்ப்யூட்டரு அதை வாங்கி, சரியா இருந்தா "வந்துச்சு"ன்னு பதில் சொல்லும். பதில் வரலைன்னா இது மறுபடியும் அனுப்பும். இன்னைக்கு நீங்க செல்லுல பண்றதுதான், ஒண்ணுமில்ல. ஆனா அன்னைக்கு அது எனக்கு ஆகாசத்துல தபாலாபீஸ் கட்டுனாப்பல இருந்துச்சு.

பெங்களூர்ல ஒரு நண்பர் சர்க்யூட் அனுப்புனாரு. மூணு மாசம். மோடத்தை, அதான் சேதியைச் சத்தமா மாத்தற சர்க்யூட்டு, ஒரு சோப்பு டப்பாவுக்குள்ள வச்சு ஈயத்துல பத்த வச்சேன். ஊட்டுக்காரி துளசிமணி ராகிக் களி கிண்டற அடுப்புக்குப் பக்கத்துலயே உக்காந்து ஈயம் உருக்குவேன். திட்டுவா. நான் காதுல வாங்க மாட்டேன். கோயமுத்தூர்ல ரங்கபாஷ்யம்னு ஒரு காலேஜ் வாத்தியாரும் அதே நேரத்துல ஒண்ணு கட்டிக்கிட்டிருந்தாரு. எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல மொதல் சேதி போகோணும். அதுதான் எனக்கு. பாலக்காட்டுக்காரங்களும் கட்டறாங்கன்னு தெரிஞ்ச பொறவு எனக்குத் தூக்கமே வரல. இந்தப் பக்கத்துல மொதல் ஆளு நானா இருக்கோணும். அதுக்கோசரம் நான் எதையும் விடுவேனுங்க அப்ப.

சத்தம் எப்படி இருக்கும் தெரியுமா? ஜர்ர்ர்னு ஒண்ணு, அப்பறம் ஒரு விக்கல், மறுபடியும் ஜர்ர்ர். தகரத்தை ரம்பத்துல அறுக்கறாப்பல. நான் அதை எங்க போட்டேன்னு கேளுங்க. நாங்க காலையில வணக்கம் சொல்லிக்கற அதே அலைவரிசையில போட்டேன். அங்கதான் எல்லாரும் இருந்தாங்க, எல்லாருக்கும் கேக்கும்னு.

ஒரு வாரத்துலயே உடுமலைக்காரங்க செட்டு சத்தத்தைக் கொறைச்சுட்டாங்க. அப்பறம் காலையில வர்றதே இல்ல. தேவசகாயம் மட்டும் விடல. ஒரு நாள் சத்தம் ஓஞ்ச நேரமாப் பாத்துக் கூப்பிட்டாரு.

"சென்னியப்பன் சார், தப்பா எடுத்துக்காதீங்க. எங்கிட்ட இருக்கறது ஒத்தக் கிறிஸ்டல். நான் நகர முடியாது. நீங்க கொஞ்சம் தள்ளிக்கிட்டா புண்ணியமாப் போகும்."

"தள்ளிக்கறேனுங்க, ஞாயித்துக்கெழமை மாத்திடறேன்"னு சொன்னேன்.

மாத்தல. நான் மாத்துனா ரங்கபாஷ்யமும் மாத்தோணும், பேக்கெட்டுக்குன்னு அவரு கட்டுன செட்டுலயும் கிறிஸ்டல்தான், வேற ஒண்ணு தேடுவாரு, பத்து நாள் போகும், அதுக்குள்ள பாலக்காட்டுக்காரன் முந்திக்குவான். இதெல்லாம் கணக்குப் போட்டுத்தான் மாத்தல.

இன்னும் ரெண்டு விஷயம் இருக்குதுங்க. சின்ன விஷயந்தான். அந்த மோடத்துல ஒரு ஒயரு உண்டு, கேக்கற ஒயரு. வேற யாராச்சும் பேசிக்கிட்டிருந்தா, "இரு, அவன் முடிக்கட்டும்"னு கம்ப்யூட்டருக்குச் சொல்லும். எங்க பரீட்சையில மொதல் பாடமே அதுதான்: மொதல்ல கேளு, அப்பறம் பேசு. மழைக்காலம் வந்ததும் ரேடியோவுல இரைச்சல் கூடிப்போச்சு. இரைச்சலை யாரோ பேசறாங்கன்னு நெனச்சுக்கிட்டு கம்ப்யூட்டரு மணிக்கணக்கா வாயே தொறக்காது. எனக்கு எரிச்சல். அந்த ஒயரை வெட்டி விட்டுட்டேன்.

ரெண்டாவது, பதில் வரலைன்னா எத்தனை தடவை திருப்பிக் கூப்புடோணும்னு ஒரு எண் கொடுக்கோணும். புத்தகத்துல பத்துன்னு போட்டிருக்கும். பத்து தடவை கூப்பிட்டுட்டு விட்டுரும். பூஜ்யம் போட்டா விடவே விடாது. பதில் வர்ற வரைக்கும் கூப்புட்டுக்கிட்டே இருக்கும். நான் பூஜ்யம் போட்டேன்.

தொண்ணூத்தி நாலு ஜூலை. நீங்க பொறந்திருப்பீங்க, சின்னப் புள்ளையா இருந்திருப்பீங்க. அந்த வருசம் மலையில பேஞ்ச மழை இருக்குதே, இந்த ரோட்டுல ஏழு எடத்துல மண்ணு சரிஞ்சு கெடந்துச்சு. ஒரு செவ்வாக்கெழமை காலையில நான் கோயமுத்தூருக்குச் சேதியைக் கூப்புட விட்டுட்டு மில்லுக்குப் போயிட்டேன். கோயமுத்தூர்ல ரங்கபாஷ்யம் ஊட்டுல அன்னைக்குக் கரண்டு இல்ல. அவரோட பொட்டி அணைஞ்சு கெடந்துச்சு. என்ற பொட்டிக்கு அது தெரியுமா? அது பாட்டுக்குக் கூப்புட்டுக்கிட்டே இருந்துச்சு. ஜர்ர்ர். ஜர்ர்ர். பத்து செகண்டுக்கு ஒருக்கா.

அன்னைக்குக் காலையில ஏழு மணிக்கு மேல எஸ்டேட் தொழிற்சாலையில பாக்கியத்தாய்னு ஒரு பொம்பளை. முப்பது, முப்பத்திரெண்டு வயசு. இலை அரைக்கற மெஷின்ல கை மாட்டி நசுங்கிருச்சு, வலது கை. டிஸ்பென்சரி கம்பவுண்டர் இறுக்கிக் கட்டிட்டாரு. ஆனா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகோணும். எஸ்டேட்டுக்கு ரெண்டு பக்கமும் ரோட்டுல மண்ணு. டெலிபோன் கம்பி அறுந்து போச்சு. சரிஞ்ச மண்ணுக்குக் கீழ ஒரு ஆம்புலன்ஸ் வந்து நின்னா, இவிங்க தூக்கிக்கிட்டு மண்ணைத் தாண்டிப் போயி ஏத்தி விட்டுருவாங்க. கீழ யாருக்காச்சும் சொல்லோணும். அவ்வளவுதான் வேணும். மேனேஜரு ஓடி வந்து தேவசகாயத்துக்கிட்டச் சொன்னாரு.

தேவசகாயம் ஏழு இருபதுக்குக் கூப்புட ஆரம்பிச்சாரு.

கீழ உடுமலைக்காரங்க செட்டை அணைச்சு வச்சிருந்தாங்க, என்ற சத்தத்துனால. மத்தவங்களும் அப்படித்தான். ஒருத்தர் ரெண்டு பேரு போட்டு வச்சிருந்தாலும் என்ற செட்டு பக்கத்துல இருக்கற பெரிய செட்டு, அவருது தூரத்துச் சின்ன செட்டு. பெரிய சத்தம் சின்ன சத்தத்தை முழுங்கிரும். அவரு ஒரு வாக்கியம் ஆரம்பிப்பாரு, என்ற பொட்டி மேல விழும். அது ஓஞ்சதும் மறுபடியும் ஆரம்பிப்பாரு, மறுபடியும் விழும். கேக்கற ஒயரு இருந்திருந்தா நின்னிருக்கும். நான்தான் வெட்டிட்டேனே.

பன்னெண்டே முக்காலுக்கு நான் சாப்பாட்டுக்குக் குவார்ட்டர்ஸுக்கு வந்தேன். செருப்பைக் கழட்டறேன், கரண்டு போச்சு. கம்ப்யூட்டர் அணைஞ்சுது. ரேடியோ பேட்டரியில ஓடறது, அது அணையல. அந்த நிமிசம் சத்தமில்லாம இருந்துச்சு பாருங்க, அப்ப ஒரு கொரலு. தொண்டை கட்டி, பாதி காத்துதான் வருது.

"கீழ... யாராச்சும்... யாராவது இருக்கீங்களா."

எடுத்தேன். "தேவசகாயம் சார், சென்னியப்பன் பேசறேன்"னேன். அவரு அழுதுட்டாருங்க. அழுதுக்கிட்டே விவரம் சொன்னாரு. நான் அஞ்சு நிமிசத்துல மில் ஆம்புலன்ஸை அனுப்பி வச்சேன். அதுல ஒரு கொறையும் சொல்ல முடியாது. நானே கூடப் போனேன். மழையில நனைஞ்சுக்கிட்டு, அந்தப் பொம்பளையைக் கம்பளியில சுத்தி மண்ணு மேல தூக்கிட்டு வந்தாங்க. வண்டியில ஏத்துனது நான். கோயமுத்தூர்ல உசுரு பொழைச்சுருச்சு. கையை எடுத்துட்டாங்க.

டாக்டரைக் கேட்டேன். "நேரத்தோட வந்திருந்தா முயற்சி பண்ணிருக்கலாம், உறுதியாச் சொல்ல முடியாது"ன்னாரு. அவரே உறுதியாச் சொல்ல முடியாதுன்னுட்டாரு, பாத்துக்குங்க. அந்த வார்த்தையைத்தான் இத்தனை வருசமா நான் புடிச்சுக்கிட்டிருக்கறேன்.

சாயந்தரம் வந்து கம்ப்யூட்டரைப் போட்டேன். அது ஒவ்வொரு தடவை கூப்புட்டதையும் மணியோட எழுதி வச்சிருந்துச்சு. பக்கம் பக்கமா ஓடுது. நான் கொஞ்ச தூரம்தான் பாத்தேன். பிளாப்பியை அழிச்சுட்டேன்.

பேப்பர்ல வந்துச்சு. "வானொலி ஆர்வலர் உயிர் காத்தார்"னு. என்ற போட்டோ. மேனேஜர் மில்லுல மைக் வச்சுப் பாராட்டுனாரு. நான் பொய் சொல்லலீங்க. "அலைவரிசையைத் தேடிக்கிட்டிருந்தேன், கொரல் கெடைச்சுது"ன்னு மட்டும் சொன்னேன். கரண்டு போனதுன்னு சொல்லல.

அடுத்த மாசம் எங்க சங்கத்துக் கூட்டம். பொள்ளாச்சியில ஒரு கல்யாண மண்டபத்து மாடியில. தேவசகாயம் மலையிலிருந்து பஸ்ல வந்தாரு, தன்னோட செட்டைத் துண்டுல சுத்திக் கையிலயே வச்சுக்கிட்டு. எல்லார் முன்னாடியும் மேசையில வச்சாரு.

"அஞ்சரை மணி நேரம் கத்தியிருக்கேன்யா. யாராவது பேசுனா அந்தக் கம்ப்யூட்டர் தானா நின்னுக்குமாம், அதுவும் நிக்கல. ஒருத்தருக்கும் கேக்கலைன்னா என் செட்டுலதான் என்னவோ இருக்கணும். சென்னியப்பன் சார் ஒருத்தருக்குத்தான் கடைசியில கேட்டுது. அவரே பாத்துச் சொல்லட்டும்."

ரங்கபாஷ்யம் அலைவரிசை அளக்கற மீட்டரைக் கொண்டாந்திருந்தாரு. நான் மூடியைத் தொறந்தேன். உள்ள என்ன சுத்தம்ங்கறீங்க! ஒவ்வொரு ஈயப் பத்தும் மணியாட்டம். மீட்டரை வச்சேன். அலைவரிசை எங்க நிக்கோணுமோ அங்க நின்னுச்சு, மயிரிழை பெசகல. சக்தியும் சரியா இருந்துச்சு. மீட்டரு முள்ளு என்ற பக்கமாத்தான் இருந்துச்சு, வேற யாருக்கும் தெரியாது.

எல்லாரும் என்ற வாயையே பாக்கறாங்க.

"கிறிஸ்டல் நகந்திருக்குதுங்க. ஈரம் ஏறிருக்கும்"னேன்.

அவரு ரெண்டு தடவை தலையாட்டுனாரு. "அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்"னாரு. டீ குடிச்சாரு. போறப்ப செட்டை எடுத்துக்கல. "நீங்களே வச்சுக்குங்க சார். எனக்கு இனி வேண்டாம். அந்தப் புள்ள கை போனதுக்கு நான்தான் காரணம்"னு சொல்லிட்டுப் படியெறங்கிப் போனாரு. லைசென்ஸையும் அந்த வருசமே புதுப்பிக்காம விட்டுட்டாரு.

நான் படியில பொறகால போயிருக்கலாம். போகலீங்க. மேல எனக்கு மாலை வாங்கி வச்சிருந்தாங்க.

அந்த செட்டு ரொம்ப வருசம் பரண்ல கெடந்துச்சு. குவார்ட்டர்ஸ் காலி பண்றப்பப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுட்டேன்.

...

ஒண்ணு விட்டுட்டேனுங்க. மறந்து விடல, சொல்லாம விட்டேன். இன்னைக்குக் காலையில அங்க சொல்லியாச்சு, உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன.

அன்னைக்குக் காலையில எட்டு மணிக்கு மில்லுக்கு போன் வந்துச்சு. துளசிமணி. குவார்ட்டர்ஸுக்கு மில் லைன் உண்டு.

"ஏனுங்க, உங்க பொட்டியில நடுவுல நடுவுல யாரோ கூப்புடறாங்க. ஆம்பளைக் கொரலு. அழுவறாப்பல இருக்குது."

"அது மலைக்காரரு. தெனமும் வணக்கம் சொல்றவருதான். சத்தம் நிக்கலைன்னு பொலம்புவாரு"ன்னேன்.

"நான் ஒயரைப் புடுங்கி வுடட்டுமா?"

"கைய வச்சே தெரியும் சேதி. சமையலைப் பாரு"ன்னு சொல்லி வச்சுட்டேன்.

அவ மறுபடியும் பண்ணல. அன்னைக்கு ராத்திரியும் அதைப் பத்திக் கேக்கல. அதுக்கப்பறம் இருபத்திரெண்டு வருசம் கேக்கல. அவளுக்கு மறந்திருக்கும்னு நான் நெனச்சேன். பொம்பளைங்களுக்கு ஆயிரம் வேலை. நெசமாவே அப்படித்தான் நெனச்சேனுங்க.

போன வாரம் ஒரு காலேஜ்லருந்து டீச்சரம்மா ஒருத்தங்க ஊட்டுக்கு வந்தாங்க. எலக்ட்ரானிக்ஸ் பாடம் எடுக்கறவங்க. நல்ல பொண்ணு. அவிங்க காலேஜ்ல ஹாம் ரேடியோ சங்கம் தொடங்கறாங்களாம். இந்தப் பக்கத்துல மொதமொதல்ல ஊட்டுல பேக்கெட் ரேடியோ போட்டவரு நீங்கதான், நீங்கதான் தொடங்கி வைக்கோணும்னாங்க. பத்திரிகையை நீட்டுனாங்க. பெரிய எழுத்துல என்ற பேரு. கீழ சின்ன எழுத்துல, "அன்னாரால் உயிர் காக்கப்பட்ட திருமதி பாக்கியத்தாய் அவர்கள் பொன்னாடை போர்த்துவார்."

அந்தம்மாவைத் தேடிப் புடிச்சுப் பேசியும் வச்சுட்டாங்களாம். "நெம்ப சந்தோசப்பட்டாங்க சார்"னு சொன்னாங்க. நானும் சிரிச்சேன். காப்பி குடிச்சுட்டுப் போனாங்க.

துளசிமணி பத்திரிகையை எடுத்துப் படிச்சா. கண்ணாடி போட்டு, மெதுவா, விரலை வச்சுப் படிச்சா. அப்பறம் கேட்டா.

"ஏனுங்க, அந்தம்மாவுக்கு ஒத்தக் கைதான? ஒத்தக் கையில எப்படிப் போத்துவாங்க?"

அவ பத்திரிகையை மடிச்சு டி.வி. மேல வச்சா.

"மேல போயிச் சொல்லிப்போட்டு வரலாம். நானும் வரேன்."

"நீ எதுக்கு?"

"நான் அந்தக் கொரலைக் கேட்டேன். ஒரு ஒயரைப் புடுங்கறதுக்கு என்னா நேரமாகும்? நீங்க வைவீங்களேன்னு புடுங்காம நின்னேன். சோறு பொங்குனேன், ரசம் வச்சேன், கேட்டுக்கிட்டே நின்னேன். உங்களுக்கு மட்டுந்தான் அதுன்னு நெனச்சீங்களா?"

நான் நெனச்சேனுங்க. எனக்கு மட்டுந்தான்னு நெனச்சேன். ஒரே ஊட்டுல, ஒரே தட்டுல சாப்புட்டுக்கிட்டு, இருபத்திரெண்டு வருசம் அவ மனசுக்குள்ள அது கெடந்திருக்குது. நான் ஒரு தடவை கேக்கல.

அதான் இன்னைக்குப் போனோம்.

பாக்கியத்தாய் எஸ்டேட்டுல பிள்ளைக் காப்பகத்துல இருக்குது. கை போன பொறவு அங்க மாத்திட்டாங்களாம். இலை பறிக்கப் போற பொம்பளைங்க கொழந்தைங்களை விட்டுட்டுப் போவாங்க, இது தொட்டில் ஆட்டும். இன்னைக்கு லீவு, எஸ்டேட் ஆளுக வரிசையாக் குடியிருக்கற லைன் ஊட்டுல இருந்துச்சு. என்னைப் பாத்ததும் எந்திரிச்சு ஓடி வந்துச்சு. "ஐயா! சொல்லியிருந்தா கோழி அடிச்சிருப்பேனே! அம்மா, உள்ள வாங்க"ன்னு துளசிமணியை இடது கையால புடிச்சு இழுத்துட்டுப் போயிக் கட்டில்ல உக்கார வச்சுது. சொவத்துல அந்தப் பேப்பர்த் துண்டு, கண்ணாடி போட்டு மாட்டிருக்குது. என்ற போட்டோ.

நான் உக்காரல. நின்னுக்கிட்டே சொன்னேன். ஒயரு, பூஜ்யம், போன், கரண்டு போனது, மீட்டரு, எல்லாம். டாக்டர் சொன்னதையும் சொன்னேன். நடுவுல துளசிமணி, "நான் கேட்டேன்மா, புடுங்கல"ன்னு ஒரு தடவை சொல்லிட்டு மூஞ்சியைச் சேலையில மூடிக்கிட்டா.

அடுப்புல டீத்தண்ணி பொங்கி வழிஞ்சுது. அந்தம்மா போயி எறக்கி வச்சுட்டு வந்துச்சு. அப்பறம் கேட்டுச்சு.

"அப்ப தேவசகாயம் ஐயா மேல தப்பே இல்லையா?"

"இல்லீங்க."

"ஒண்ணுமே இல்லையா?"

"ஒண்ணுமில்லீங்கம்மா."

"ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் வருவாருய்யா. கேக்கு கொண்டு வருவாரு. வாசல்ல நின்னுக்கிட்டு, 'பாக்கியம், என் செட்டு சரியில்லாமப் போச்சு, என்னை மன்னிச்சுரு'ம்பாரு. வருசா வருசம். நானும் 'மன்னிச்சுட்டேன்யா, உள்ள வாங்க'ம்பேன். சாகறதுக்கு முந்துன கிறிஸ்மஸுக்கு நடக்க முடியல, மகன் தாங்கிக்கிட்டு வந்தான். அப்பவும் கேட்டாரு. அப்பவும் மன்னிச்சேன்."

அது என்னைப் பாத்து, சத்தமே போடாம, மெதுவாத்தான் சொல்லுச்சு.

"ஒரு தப்பும் செய்யாத மனுசனைப் பதினெட்டு வருசமா மன்னிச்சிருக்கேன். இருந்ததெல்லாம் அவருக்கே குடுத்துட்டேன்யா. உங்களுக்குக் குடுக்க எங்கிட்ட இப்ப ஒண்ணுமில்ல."

நான் கும்புட்டேன். வேற என்ன பண்றது? திட்டியிருந்தா தேவலைங்க. ஒரு அடி அடிச்சிருந்தாக்கூட வாங்கிக்கிட்டு வந்திருப்பேன்.

அப்பறம் சொல்லுச்சு. "அவரு வீட்டம்மா எஸ்தர் அக்கா இருக்காங்க. சர்ச்சுக்குக் கீழ மூணாவது லைன். அவங்களும் இன்னைக்கு வரைக்கும் தன் புருசனாலதான் என் கை போச்சுன்னு நெனச்சு என்னைப் பாத்தாத் தலை குனிஞ்சுக்கறாங்க. எங்கிட்டச் சொல்லிட்டீங்க, சரி. போயி அங்க சொல்லுங்க."

நான் மணியைப் பாத்தேன். ஒண்ணே முக்கால். ரெண்டு மணிக்கு இந்த பஸ்ஸு. "இன்னொரு நாளைக்கு வரேனுங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு"ன்னேன். எனக்கு சக்கரை வேற இருக்குது, நேரத்துக்குச் சாப்புடோணும். மலையில மழை வந்தா ரோடு எப்படியிருக்கும்னு உங்களுக்கே தெரியும். ஒரே நாள்ல ரெண்டு எடத்துல சொல்றதுன்னா... நீங்களே சொல்லுங்க.

துளசிமணி எந்திரிச்சா. செருப்பைப் போட்டா. "நீங்க போங்க. நான் போயிச் சொல்லிட்டு சாயந்தரம் வரேன்"னா. பாக்கியத்தாய் கொடையை எடுத்துச்சு. ரெண்டு பேரும் சர்ச்சுப் பக்கம் எறங்கிப் போனாங்க. துளசிமணிக்கு முட்டி வலி, எறக்கத்துல ஆகாது. அந்தம்மா தோளைப் புடிச்சுக்கிட்டு ஒவ்வொரு படியா எறங்குனா. நான் பஸ் ஸ்டாப்புல நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். பஸ்ஸு வந்துச்சு. ஏறிட்டேன்.

அங்க போயி அவ என்னன்னு சொல்லுவா? அவளுக்குச் சொல்லத் தெரிஞ்சது போன் பண்ணுனது மட்டுந்தான். மீட்டரை வச்சது நான். முள்ளைப் பாத்தது நான் ஒருத்தன்தான். அவ சொன்னா எஸ்தரம்மா நம்போணும்ல? "உங்க ஊட்டுக்காரரு எங்க, ஏன் வரலை"ன்னு கேட்டா துளசிமணி என்ன பதில் சொல்லுவா? பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னா?

நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்கறீங்க. சரிதான். எதுக்குச் சொல்லோணும், நான் யாரோ நீங்க யாரோ.

இது என்ன, ஆழியாறு செக்போஸ்ட்டா? அதா நிக்குதே, எதுத்தாப்பல, அது மேல போற பஸ்ஸுதான? போர்டு பாருங்க, எனக்கு இவ்வளவு தூரம் தெரியாது. வால்பாறையா? கெளம்பறானா, நிக்கறானா?

கண்டக்டரு! ஏனுங்க கண்டக்டர், கொஞ்சம் நிறுத்துங்க. டிக்கெட்டு பொள்ளாச்சிக்குத்தான், பரவால்ல, இங்கயே எறங்கிக்கறேன்.

கொஞ்சம் காலை ஒதுக்குங்க, வழி விடுங்க. மொதல்ல என்ன சொல்லோணும்னு யோசிச்சுக்கிட்டேனுங்க. என்ற கதையெல்லாம் பொறவு. "அம்மா, உங்க ஊட்டுக்காரரோட செட்டுல ஒரு கோளாறும் இல்லீங்க." அதைத்தான் மொதல்ல சொல்லோணும்.